இடுப்பு முறிவு: உடனே ஆபரேஷனா, உடம்பைத் தேற்றிவிட்டா?

பெரியம்மாவுக்கு 82 வயது. விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது விழுந்துவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தபோது வலது கால் இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது; பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் போர்வையை விலக்கி அந்தப் பாதத்தை ஒரு பார்வை பார்த்தார். "இடுப்பு போயிருக்கும்" என்றார். அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது.

அன்று மத்தியானத்துக்குள் வீட்டில் இரண்டு கட்சி. "வயசானவங்க, பிரஷர் இருக்கு, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்க. நாலு நாள் உடம்பைத் தேத்திட்டுச் செய்யலாம்" என்றது ஒன்று. "இன்னைக்கே முடிச்சிடணும்" என்றது மற்றது. நான் முதல் கட்சியில் இருந்தேன். அது தப்பான கட்சி என்று பின்னால் புரிந்தது. ஆனால் இரண்டாவது கட்சியும் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் டாக்டர்களிடம் கேட்டதையும் அதற்கப்புறம் தேடிப் படித்ததையும் வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

'இடுப்பு எலும்பு' என்று பேச்சில் சொன்னாலும் உடைவது தொடை எலும்பின் மேல் முனைதான். பந்து போன்ற தலைக்குக் கீழே இருக்கும் கழுத்தில் உடைவது ஒரு வகை. அதற்கும் கீழே, தசைகள் வந்து பற்றும் புடைப்புப் பகுதியில் உடைவது இன்னொரு வகை. கழுத்து உடைந்து விலகிவிட்டால் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்துபோக வாய்ப்பு அதிகம். அதனால் முதியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தலையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துகிறார்கள். கீழே உடைந்ததை எலும்புக்குள் இறங்கும் கம்பியோ ஸ்க்ரூவும் பிளேட்டுமோ வைத்துப் பிடிப்பிக்கிறார்கள். நேரத்தைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கீழ்வகை முறிவில் மூட்டுறைக்கு வெளியே, தொடைத் தசைகளுக்குள் ரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. வந்தவுடன் எடுத்த ஹீமோகுளோபின் நன்றாக இருந்து மறுநாள் சடாரென்று இறங்குவது இதனால்தான். மறுபடி ஒரு முறை பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

சரி, காத்திருந்தால் என்ன ஆகிறது?

பெரியம்மாவுக்கு முதல் நாள் முழுக்க மல்லாந்த படுக்கைதான். பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அலறினார். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். எங்களுக்கு அது சாயங்காலம்தான் தெரிந்தது. காலையில் வைத்த டம்ளர் அப்படியே இருந்தது. வலிக்காகக் கொடுத்த ஊசி அவரை அரைத்தூக்கத்தில் வைத்தது. அந்தத் தூக்கத்தில் மூச்சு மேலோட்டமாகத்தான் ஓடியது, இருமவும் இல்லை. ராத்திரி 2 மணிக்கு என்னை யாரென்று தெரியாமல், இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மருத்துவம் தனித்தனிப் பெயர் வைத்துச் சொல்வதெல்லாம் இந்த ஒரே படுக்கையில் நடப்பவைதான். ஆழமாக மூச்சு விடாததால் நிமோனியா வருகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் சோர்கிறது, சிறுநீர்த் தொற்று வருகிறது. குதிகாலிலும் முதுகுத்தண்டின் அடியிலும் தோல் சிவந்து படுக்கைப் புண்ணாகிறது. அசையாத காலில் ரத்தம் உறைகிறது. தசை நாளுக்கு நாள் கரைகிறது. வலியும் தூக்கமின்மையும் மருந்தும் சேர்ந்து மனக்குழப்பத்தைக் கொண்டுவருகின்றன. எலும்பைச் சேர்த்துப் பிடிக்காதவரை இதில் எதையும் முழுசாக நிறுத்த முடியாது, காரணம் உட்கார வைக்கவே முடியாது. 'நாலு நாள் உடம்பைத் தேற்றுவது' என்று நான் சொன்னது இதைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த முறிவோடு படுத்திருக்கும் உடம்பு தானாகத் தேறுவதில்லை, இறங்கிக்கொண்டே போகிறது.

இனி எண்கள். இடுப்பு முறிந்த முதியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். எங்களுக்கு இது முன்னால் தெரிந்திருந்தால் இரண்டு கட்சியும் இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருப்போம். இவர்கள் எல்லோரும் முறிவால் மட்டும் இறப்பதில்லை. பலருக்கு ஏற்கெனவே இருந்த நோய்களை முறிவு முடுக்கிவிடுகிறது.

நேரத்துக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2008இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 16 ஆய்வுகள், மொத்தம் 2,57,367 நோயாளிகள். 48 மணி நேரத்துக்கு மேல் தாமதமானவர்களுக்கு 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 41 சதவீதமும், ஒரு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 32 சதவீதமும் அதிகம் என்று அது கண்டது. 2010இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு நிமோனியாவும் படுக்கைப் புண்ணும் குறைவு என்றது. படுக்கைப் புண் கிட்டத்தட்ட பாதி.

இரண்டாவது கட்சிக்கு இது போதும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. யாருக்குத் தாமதமாகிறது? ஏற்கெனவே இதயம் தளர்ந்தவர், நுரையீரலில் சளி கட்டியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர். அப்படியென்றால் தாமதமானதால் இறந்தாரா, இறக்கும் நிலையில் இருந்ததால் தாமதமானதா? பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வுகளில் இந்த முடிச்சை முழுக்க அவிழ்க்க முடியாது. நியூயார்க்கின் 4 மருத்துவமனைகளில் 1,206 பேரைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் செய்துகொண்டவர்களின் இறப்பு குறையவில்லை. கடும் வலியில் கழித்த நாட்களும் மருத்துவமனையில் கழித்த நாட்களும்தான் குறைந்தன. 'தான்' என்று எழுதிவிட்டேன். வலியில் கிடப்பவரிடம் கேட்டால் அந்த 'தான்' போய்விடும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 42,230 பேரின் தரவை வைத்து 2017இல் வந்த ஆய்வு இன்னொரு விதமாகக் கேட்டது: ஆபத்து எந்த மணி நேரத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது? கிடைத்த விடை 24. உடல்நிலை ஒத்த நோயாளிகளை ஜோடி சேர்த்துப் பார்த்ததில், 24 மணி நேரத்துக்குள் செய்துகொண்டவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 5.8 சதவீதம், அதற்குப் பிறகு செய்துகொண்டவர்களில் 6.5 சதவீதம். வித்தியாசம் உண்மையானது, ஆனால் சிறியது. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு.

அப்படியானால் 24 மணி நேரத்துக்கும் முன்னால், வந்து இறங்கியவுடனேயே செய்தால்? இதற்குப் பதில் சொல்லத்தான் ஹிப் அட்டாக் என்ற பெரிய சோதனையை நடத்தினார்கள். முடிவுகள் 2020இல் லான்செட் இதழில் வந்தன. 17 நாடுகள், 69 மருத்துவமனைகள், 45 வயதுக்கு மேற்பட்ட 2,970 பேர். சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்ததால் 'ஏற்கெனவே உடம்பு மோசமானவர்களுக்குத்தான் தாமதம்' என்ற முடிச்சு இங்கே இல்லை. ஒரு பிரிவுக்கு முறிவு உறுதியானதிலிருந்து சராசரியாக 6 மணி நேரத்தில் ஆபரேஷன். மற்றதற்கு வழக்கம்போல், அதாவது சராசரியாக 24 மணி நேரத்தில். 90 நாட்களில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 9 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். பெரிய சிக்கல்கள் இரண்டிலும் 22 சதவீதம். மனக்குழப்பம் மட்டும் 12 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. சிறுநீர்த் தொற்றும் வலியும் குறைந்தன, எழுந்து நின்றது முன்னதாக நடந்தது, வீட்டுக்குப் போனதும் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக.

இதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். 6 மணி நேரமா 24 மணி நேரமா என்பதற்காக யாரோடும் சண்டை போட வேண்டாம். ராத்திரி 11 மணிக்குக் களைத்துப்போன குழு செய்வதைவிட, காலையில் முதல் கேஸாக, இதைத் தினமும் செய்கிற கைகள் செய்வது மேல். ஆனால் 24 மணி நேரமா 72 மணி நேரமா என்று பேச்சு வந்தால் சண்டை போடலாம், போடவும் வேண்டும். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் சேர்ந்த அன்றோ மறுநாளோ செய்யச் சொல்கிறது. 36 மணி நேரத்துக்குள் செய்வதை ஒரு நிபந்தனையாக வைத்து 2010இலிருந்து அங்கே மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகையும் கொடுக்கிறார்கள். அமெரிக்க எலும்பியல் கழகம் 24 முதல் 48 மணி நேரம் என்கிறது. எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

ஹிப் அட்டாக் தரவை மறுபடி அலசியபோது வெளிவந்த ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வந்து சேர்ந்தபோதே டிரோபோனின் கூடியிருந்தவர்களை, அதாவது இதயத் தசைக்கு அடி விழுந்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை காட்டியவர்களை, தனியாக எடுத்துப் பார்த்தார்கள். விரைந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 10 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான நேரத்தில் செய்துகொண்டவர்களில் 23 சதவீதம். பின்னால் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்க முடியாது. ஆனாலும் 'இதயம் சரியில்லை, அதனால் பொறுப்போம்' என்று யாரைக் காத்திருக்க வைக்கிறோமோ அவர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் காத்திருப்பே வினையாகிறதோ என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

பொறுப்பதற்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. 2011இல் பிரிட்டன், அயர்லாந்து மயக்கவியலாளர் சங்கம் ஒரு பட்டியலைக் கொடுத்தது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே. சோடியம் 120க்குக் கீழே அல்லது 150க்கு மேலே. பொட்டாசியம் 2.8க்குக் கீழே அல்லது 6க்கு மேலே. கட்டுக்கு அடங்காத சர்க்கரை. திடீரென வந்த அல்லது கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு. நிமிடத்துக்கு 120க்கு மேல் தாறுமாறாக ஓடும், சரிசெய்யக்கூடிய இதயத் துடிப்பு. உடம்பு முழுக்கப் பரவிய நெஞ்சுச் சளித் தொற்று. சரிசெய்யக்கூடிய ரத்த உறைவுக் கோளாறு.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எல்லாமே எண்ணாகவோ பெயராகவோ இருக்கின்றன. பெரும்பாலானவற்றை மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் திருத்தலாம். வயது அதில் இல்லை. 'பலவீனம்' இல்லை. 'சளி கொஞ்சம் இருக்கு' இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகள்தான் வீட்டில் அதிகக் குழப்பத்தை உண்டாக்குபவை. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று சொல்லிவிடுகிறோம். ஆஸ்பிரினுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குளோபிடோக்ரெலுக்காகவும் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். பெரும்பாலும் முதுகில் ஊசி போடாமல் முழு மயக்கம் கொடுப்பார்கள், அவ்வளவுதான். வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே ஊசி போட்டுச் சில மணி நேரத்தில் அதன் வேலையைத் திருப்பலாம். தானாக இறங்கட்டும் என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற புதியவை என்றால் கடைசி மாத்திரையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதற்கு மேலும் பொறுக்க வேண்டியிருக்கும். அதனால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பது வீட்டில் இருப்பவர் கொடுக்கக்கூடிய மிக முக்கியமான தகவல். எங்களிடம் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியம்மாவின் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தோம். கடைசியில் அது குளோபிடோக்ரெல்தான் என்று தெரிந்தது.

ஆனாலும் எங்களுக்கு முதல் நாள் கை நழுவியது. காரணம் எக்கோ. இதயத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது, எக்கோ எடுத்த பிறகுதான் ஃபிட்னெஸ் என்றார்கள். எக்கோ எடுப்பவர் மறுநாள்தான் வந்தார். வால்வு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று முடிவு வந்தது. அதனால் என்ன மாறியது என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டேன். "ஒன்றும் மாறவில்லை. சுருங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டேதான் செய்திருப்பேன்" என்றார். எக்கோ தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. கட்டிலருகிலேயே அன்றே எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். அதற்காக ஒரு நாளைக் கொடுப்பதுதான் கட்டுப்படியாகாத பேரம்.

ஆகவே யாராவது "கொஞ்சம் பொறுப்போம்" என்றால் கேட்க வேண்டியவை மூன்று. எதற்காகப் பொறுக்கிறோம்? அது சரியாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? எத்தனை மணிக்குள்? "சோடியம் 116, நாளைக் காலை மறுபடி பார்த்து 120க்கு மேல் போனதும் எடுத்துப் போகிறோம்" என்பது ஒரு பதில். "பெரிய டாக்டர் திங்கட்கிழமை வந்து பார்ப்பார்" என்பது பதில் ஆகாது. அந்த இடத்தில் வேறு மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று யோசிக்கலாம். ஆனால் அங்கே தியேட்டர் எந்த மணிக்கு என்று போனில் உறுதி செய்துகொண்ட பிறகு கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் குலுங்கல்தான் மிச்சம், வரிசையில் மறுபடி கடைசி.

மயக்கம் எப்படி என்பதில் நாங்கள் வீணாக அரை நாள் கவலைப்பட்டோம். முதுகு ஊசிதான் வயதானவர்களுக்குப் பத்திரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ரீகெய்ன் சோதனையில், 60 நாட்களில் இறந்தவர்களும் நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18.0 சதவீதம். மனக்குழப்பத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எது சீக்கிரம் கிடைக்கிறதோ அது.

ஆபரேஷனே வேண்டாம் என்பதும் ஒரு தெரிவு. அதைக் கைவிடுதல் என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை. நெதர்லாந்தில் பராமரிப்பு இல்லங்களில் இருந்த, ஏற்கெனவே மிகவும் தளர்ந்துபோன 172 பேரைப் பற்றிய ஆய்வு 2022இல் வந்தது. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு அவர்களில் பாதிப் பேர் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் 83 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். செய்துகொண்டவர்களில் 25 சதவீதம். ஆனால் இருந்த நாட்களின் தரம் மற்றவர்களுடையதைவிட மோசமாக இல்லை. முன்பே படுத்த படுக்கையானவருக்கு, ஆட்களை அடையாளம் தெரியாதவருக்கு, வேறு நோயால் வாரக் கணக்கில் வாழ்வு எண்ணப்படுபவருக்கு, நல்ல வலி நிவாரணத்தோடு இந்த வழி பொருந்தலாம். விழுவதற்கு முந்தைய நாள் வரை வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தவருக்கு 'வயசாயிடுச்சு, எதற்கு ஆபரேஷன்' என்று சொல்வது வேறு விஷயம். அங்கே அந்த 83ஐ முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

எந்த வழியானாலும் நடுவில் ஒரு காத்திருப்பு உண்டு. 6 மணி நேரமோ 36 மணி நேரமோ, அதைக் கொஞ்சம் மனிதத்தன்மையோடு கழிக்க வழி இருக்கிறது. இடுப்பு மடிப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஊசி போட்டு நரம்பை மரத்துப்போகச் செய்வார்கள். பெரியம்மாவுக்கு இரண்டாம் நாள் காலை அதைப் போட்ட அரை மணி நேரத்தில் பெட்பேன் வைக்கும்போது முகம் சுளித்தாரே தவிர அலறவில்லை. முதல் நாளே கேட்டிருக்கலாம். காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைவதாகச் சோதனைகள் காட்டவில்லை. பட்டினி இன்னொரு கொடுமை. ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதே என்பார்கள், மறுநாள் மத்தியானம் இன்றைக்கு இல்லை என்பார்கள். திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பதே பொதுவான விதி. உத்தேச நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டால் அதுவரை தண்ணீராவது கொடுக்கலாம். கண்ணாடியையும் காதுக் கருவியையும் அலமாரியில் வைத்துப் பூட்டாமல் அவருக்கே போட்டுவிடுங்கள். ராத்திரிக் குழப்பத்துக்கு அதுவும் ஒரு மருந்து.

பெரியம்மாவுக்கு விழுந்து 40 மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் பிசியோ வந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, வாக்கரோடு நிற்க வைத்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார், முழு டம்ளரையும் குடித்தார்.

நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள் பேச மறந்த ஒன்று உண்டு. இடுப்பு முறிவை ஆபரேஷன் செய்து 90 நாட்களுக்குள் ஸோலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை வருடத்துக்கு ஒரு முறை ரத்தக்குழாயில் ஏற்றும் சோதனை 2007இல் வெளியானது. 2,127 பேர். மருந்து கிடைத்தவர்களில் 9.6 சதவீதம் பேரும் வெறும் திரவம் கிடைத்தவர்களில் 13.3 சதவீதம் பேரும் சோதனைக் காலத்தில் இறந்தார்கள். மறுபடி எலும்பு முறிந்தவர்களும் குறைவு. ஹிப் அட்டாக்கில் அத்தனை மணி நேரத்தைச் சேமித்தும் கிடைக்காத வித்தியாசம் இது. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துத்தான் போடுவார்கள். பெரியம்மாவின் டிஸ்சார்ஜ் தாளில் கட்டு மாற்றும் தேதி இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது, வலி மாத்திரை இருந்தது. எலும்பு மருந்து பற்றி ஒரு வரியும் இல்லை. ஆறாவது வாரம் எக்ஸ்ரே பார்க்கப் போனபோது நாங்களாகக் கேட்ட பிறகுதான் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் வைட்டமின் டி பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்கள்.